குழாயில் காற்று

டீசல் மணம் சவர்க்காரத்துக்குப் போகாது. பிழிந்த தேசிக்காய்த் தோலை எடுத்து நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் நன்றாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் காயவிட்டுக் கழுவவேண்டும். இருபது வருசமாக இந்த எஞ்சின்களோடு மாரடிக்கிறவன் சொல்கிறேன், செய்து பாருங்கள். நான்தான் தேசிக்காய் தொடுவதில்லை. எட்டு வருசமாகத் தொடுவதில்லை. மணத்தோடேயே சோற்றில் கைவைக்கிறேன். ஏன் என்று என் மனுசி மகாதேவி கேட்டதில்லை; கேட்காமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

என் பெயர் நமசிவாயம். கோப்பாயில், பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் வீடு. தோட்டக்காரன், மிளகாயும் வெங்காயமும் போயிலையும். எஞ்சின் வேலையை ஒருவரிடமும் குந்தியிருந்து பழகவில்லை. தோட்டத்துத் தண்ணீர் மெசின் நின்றுபோகும்போதெல்லாம் கழற்றி, பூட்டி, மிஞ்சின நட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்து, திரும்பவும் கழற்றிப் பழகினது. எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுவிட்டது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அது நல்ல காலம், வாகனங்களுக்குக் கெட்ட காலம். உதிரிப்பாகம் என்று கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். அப்படியான நாளில், மற்றவன் கழித்துவிட்ட பிக்கப்புக்கு வீட்டு வளவில் வைத்தே உயிர் கொடுக்கக்கூடியவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பு என்ன, உண்மைதான். வேலையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வராது. வெட்கப்படவேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு மெல்ல வருகிறேன்.

அந்த டீசல் பிக்கப் கைதடிப் பக்கம் ஒரு வேலியோரத்தில் இரண்டு மாரி நனைந்து கிடந்தது. வைத்திருந்த கடைக்காரர் வளைவொன்றில் அதைப் பிரட்டி, ஒரு காலையும் இழந்து, இனி இதன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்றுவிட்டார். வண்டில் மாட்டைக் கட்டி இழுத்து வந்தேன். பத்து மாதம் அதோடு கிடந்தேன். பிலாமரக் கொப்பில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கி இறக்கினேன். தேய்ந்ததைத் தேய்ந்ததோடு மாற்றி, ஒன்றுக்குமே உதவாததை இரும்புப் பட்டறையில் புதிதாக அடிப்பித்தேன். பின்பக்கத்துக்கு லொறி வில்லுத்தகடு இரண்டைச் சேர்த்து, பலகையால் பெட்டி அடித்தேன். பழைய பிக்கப் சுமந்ததைவிட ஒன்றரை மடங்கு இனி இது சுமக்கும்.

தனியே செய்தேன் என்று ஆட்களுக்குச் சொல்வதுண்டு. தனியே இல்லை. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த இளையதம்பி என் கூட நின்றான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். தோட்ட வேலை முடிந்து பொழுதுபட முதல் ஒரு மணித்தியாலம் வந்து துரு உரஞ்சுவான். அந்தப் பிக்கப்பின் அடிச்சட்டத்துப் பாதித் துரு அவன் கையால் போனது. அவனுடைய ஆட்கள் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது. நாங்கள் அள்ளி ஊற்ற, கையேந்திக் குடிப்பார்கள். அதெல்லாம் குற்றம் என்று சட்டம் வந்து எத்தனையோ வருசம். சட்டம் கிணற்றடி வரைக்கும் வந்து சேரவில்லை. இளையதம்பிக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று ஒரு தகரப்பேணி வேலியில் செருகியிருந்தது. அவன் அதைத் தானே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பவும் செருகிவிட்டுப் போவான். நான் அவனைக் கடிந்து பேசினதில்லை. நல்லவர் என்று அவன் என்னைச் சொல்லித் திரிந்தான்.

இனி அந்த முதலோட்டக் கதையைச் சொல்லவேண்டும். வாகனத்தைப் புதிதாக்கினால் முதலில் கோயிலுக்குத்தான் ஓடவேண்டும், நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு. இது எல்லோரும் செய்கிறதுதான். எங்கள் பிக்கப்புக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. மகாதேவி சாத்திரியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "உது ரத்தம் கண்ட வாகனம். முதலோட்டம் சுத்தமாய்ப் போகவேணும். இன்னொருக்கால் ரத்தம் கண்டுதெண்டால் பிறகு வீட்டுக்குள்ளைதான் தேடும்" என்று அவர் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரே ஒரு மகன், அப்போது நாலு வயது. மகாதேவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கும் ஏழுக்கும் இடையில் நேரம் வைத்துத் தந்தார். பங்குனி மாதம், 1974.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலை முடிந்தது. சாவியைத் திருப்பினேன், இரண்டாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல், கொஞ்சம் கறுப்புப் புகை, பிறகு ஒரே சீராகத் தாளம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. இரண்டு நிமிசம் ஓடவிட்டு நிற்பாட்டினேன். நின்ற இடத்தில் ஓடுவது முதலோட்டம் ஆகாது.

மூன்றேகால் இருக்கும். இளையதம்பி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அவன் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுகிறவன். அன்றைக்கு உள்ளே வந்துவிட்டான்.

"நயினார், மலருக்கு ரத்தம் நிக்குதில்லை. மத்தியானம் பிள்ளை பிறந்திட்டுது. பிள்ளைக்கு ஒண்டுமில்லை. இவளுக்குத்தான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுது மருத்துவிச்சிக் கிழவி. சத்தம் கேட்டுது நயினார், வாகனம் ஸ்ரார்ட் வந்த சத்தம்."

இராசமலர் அவன் பெண்சாதி. மெலிந்த பெண். வெங்காயம் கட்ட எங்கள் வளவுக்கு வருவாள். அவர்கள் கொட்டில் ஒழுங்கையின் மற்ற அந்தத்தில், கூப்பிடு தூரம். பெரியாஸ்பத்திரிக்கு நல்லாக ஓடினால் கால்மணித்தியாலம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓடிப்போய்க் கொண்டு வா, ஏத்துவம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான். அந்த நேரம் உண்மையாகவே ஏற்றத்தான் நினைத்தேனா என்று எட்டு வருசமாக என்னை நானே கேட்கிறேன். ஓம் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

மகாதேவி விறாந்தையில் நின்றாள். வியாழக்கிழமைக்கென்று பிடுங்கி வைத்த தேசிக்காய்கள் சுளகில் அவள் கையில் இருந்தன.

"இஞ்சருங்கோ, உதிலை ஏத்தப் போறியளே?"

"ஏத்தாமல் விடேலுமே? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"முதலோட்டம். ரத்தம்." அவள் குரல் உயரவில்லை. "செவ்வாய்க்கிழமை, மூண்டுக்கு இராகுகாலமும் துடங்கியிட்டுது. நாலரை வரைக்கும்."

"தெரியும்," என்றேன்.

அவள் உள்ளே போனாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மிகவும் நியாயமான யோசனையாகத்தான் பட்டது. ஏற்றாமல் விடப்போவதில்லை. ஏற்றத்தான் போகிறேன். இராகுகாலம் மட்டும் கழியட்டும். ஒரு மணித்தியாலம், கொஞ்சம் மேலே. பெண்பிள்ளைகள் ஒரு மணித்தியாலத்தில் செத்துப்போவதில்லை, என் தாய் ஒன்பது பெற்றவள். நாலரை தாண்டட்டும்.

பதின்மூன்றாம் நம்பர் நட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குக் கீழே படுத்தேன்.

டீசல் எஞ்சின் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். டாங்கியிலிருந்து டீசலை ஒரு குழாயால் உறிஞ்சி எடுக்கிறது பம்பு. அந்தக் குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் பிடிக்காது. பில்ற்றரின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் இளக்கிவிட்டுக் கைப்பம்பை அடித்தால் நுரை நுரையாகக் காற்று வெளியே வரும். நுரை நின்று சுத்த டீசல் வந்தவுடன் திருகை இறுக்கவேண்டும். அவ்வளவுதான். பழகினவனுக்கு ஐந்து நிமிச வேலை. ஆனால் டாங்கிப் பக்கத்துக் குழாயின் நட்டு அரைச் சுற்று இளகியிருந்தால் ஒரு துளி டீசலும் வெளியே ஒழுகாது. உறிஞ்சும்போது காற்றுத்தான் உள்ளே போகும். மேலே எவ்வளவு நேரம் அடித்தாலும் நுரை நிற்காது. பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. நான் அந்த நட்டை அரைச் சுற்று இளக்கினேன்.

நாலு பேர் பாயின் நாலு மூலையிலும் பிடித்து அவளைக் கொண்டு வந்தார்கள். பின்பெட்டியில் சாக்கு விரித்து ஏற்றினார்கள். மருத்துவிச்சிக் கிழவி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சாவியைத் திருப்பினேன். பிடித்தது, நாலு தரம் தட்டியது, நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். பிடிக்கவில்லை.

"காத்து இழுக்குது," என்றேன். "அஞ்சு நிமிசம். எடுத்து விடுறன்."

எஞ்சின் மூடியைத் திறந்து கைப்பம்பை அடித்தேன். நுரை வந்தது. இளையதம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன், "பார், காத்து" என்று. அவன் குனிந்து பார்த்தான். அன்றைக்கு நான் அவர்களுக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். காற்று இருந்தது. எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

அடித்தேன், இறுக்கினேன், திருப்பினேன், இளக்கினேன், அடித்தேன். பற்றறி களைத்துவிட்டது. "தள்ளிப் பாப்பம்" என்றேன். நாலு பேரும் இளையதம்பியும் தள்ளினார்கள். ஒழுங்கையின் இந்த அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கும், திருப்பி இங்கேயும். வெயில் கொளுத்தியது. குழாயில் காற்று நிற்கிற எஞ்சினை யாழ்ப்பாணம் வரைக்கும் தள்ளினாலும் அது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். அவள் பின்னுக்குக் கிடந்தாள். ஒவ்வொரு தரம் கிளச்சை விடும்போதும் வாகனம் உதறும். உதறும்போதெல்லாம் கிழவி "ஐயோ, மெல்ல" என்பாள். மெல்லத்தான் விட்டேன்.

மூன்று தரம் மகாதேவியைக் கூப்பிட்டு நேரம் கேட்டேன். மூன்றரை. நாலு. நாலு பத்து. நான் அந்தப் பெண்ணுக்காகப் பதறுகிறேன் என்று நினைத்து, தள்ளினவர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு தரம் இறங்கி மூடிப் பக்கம் போகையில் இராசமலர் கண்ணைத் திறந்தாள். முகம், தோலுரித்துக் கழுவி வைத்த வெங்காயம் மாதிரி வெளிறியிருந்தது.

"நயினார், வருமே?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "இந்தா வருது."

அதுதான் அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய்.

நாலேகால் கழிந்திருக்கும். நான் கீழே படுத்திருந்தேன், நட்டில் சாவியைப் போட்டபடி. நாலரைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, முதலே இறுக்கி ஆயத்தமாக வைப்போம் என்று படுத்தது. சாவி வழுகி என் விரல் முட்டி தோல் உரிந்தது. அந்த நேரம் மேலே கிழவி குழறினாள். ஒரே ஒரு குழறல். பிறகு எல்லோரும்.

நான் உடனே வெளியே வரவில்லை. நட்டை இறுக்கிவிட்டுத்தான் வந்தேன். இளகின நட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்ப என்னால் முடியாது, தொழில் பழக்கம்.

நான் எழும்பி நின்றபோது இளையதம்பி என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவன் என் கையைப் பார்த்தான். முட்டியிலிருந்து இரத்தம் வடிந்து கறுப்பு எண்ணெயோடு கலந்திருந்தது. தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து என் விரலில் சுற்றினான். அதற்கு முன் ஒருநாளும் அவன் என்னைத் தொட்டதில்லை.

"உங்களாலை ஏலுமானதைச் செய்தியள், நயினார்," என்றான். "விதி."

வந்த பாயிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஒழுங்கையால் திரும்பினதும் மகாதேவி மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து பின்பெட்டியைக் கழுவினாள். நான் சாக்கைக் கொண்டுபோய் எரித்தேன். கீழே படுத்திருந்த என் கால்கள் விறாந்தையிலிருந்து பார்க்க நன்றாகத் தெரிந்திருக்கும். அவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் எதற்காகக் கீழே படுத்தேன் என்று அவள் இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஆறரைக்கு நாலு தேசிக்காயும் நசிய, மாலை போட்டு, பிக்கப் புறப்பட்டது. புதன்கிழமை சந்தியில் கொடுத்துப் பற்றறி ஏற்றுவித்திருந்தேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முடிகிற இடத்தில் இளையதம்பி வாளியோடு நின்றான். செத்தவீட்டுத் துடக்கு அல்லவா, தன் நிழலும் எங்கள் வாகனத்தில் படக்கூடாது என்று வேலியோடு வேலியாக ஒட்டி நின்றான். நான் வேகத்தைக் குறைத்தேன். ஏன் குறைத்தேனோ தெரியாது.

"வந்திட்டுதே, நயினார்," என்றான். உண்மையான சந்தோசத்தோடு சொன்னான். அந்தச் சந்தோசத்தை நான் இன்றும் மறக்கவில்லை. மறக்க முயற்சித்தேன், முடியவில்லை.

என் மகனுக்காகச் செய்தேன் என்று சில வருசம் எனக்கே சொல்லிவந்தேன். அவன் சுகமாக இருக்கிறான், பன்னிரண்டு வயது, கணக்கில் கெட்டிக்காரன். சாத்திரியார் சொன்னது சரிதானே என்று மகாதேவி ஒருநாள் சொன்னாள். ஆனால் பின்னொரு நாள் வெங்காயத்துக்குத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிக்கொண்டு நிற்கையில் ஒரு கேள்வி வந்தது. அன்றைக்கு அந்தப் பாயில் வந்தது என் தங்கை கமலாவதியாக இருந்தால்? யோசிக்கவே தேவையில்லை. தேசிக்காயைச் சுளகோடு கிணற்றுக்குள் எறிந்துவிட்டு, இராகுவாவது கேதுவாவது என்று அடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். பெட்டி நிறைய இரத்தமாகியிருந்தாலும் ஓடியிருப்பேன். அப்படியென்றால் நான் பயந்தது இராகுவுக்கு இல்லை. நேரம் பார்த்தது இராசமலருக்கு மட்டும்தான். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு போகிறதும் தெரியாமல் அப்படியே நின்றேன். அதற்குப் பிறகு நான் நாள் கோள் பார்ப்பதை விட்டுவிட்டேன். பஞ்சாங்கமெல்லாம் மகாதேவியின் காரியம்.

இதிலும் கேவலமானது ஒன்றிருக்கிறது. மூன்றேகாலுக்கு அவன் வந்து நின்றபோது, "ஏலாது, போ" என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருக்கக்கூடும். அவன் என்னைத் திட்டிக்கொண்டு வீதிக்கு ஓடியிருப்பான். மூன்றரை பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்து மறித்திருப்பான். சந்தியில் ஒரே ஒரு வாடகைக் கார், அது கலியாணத்துக்குப் போயிருந்தது. நின்றிருந்தாலும் அவர்களை ஏற்றியிருக்குமோ என்னவோ. ஆனால் வெங்காய லொறிகள் அந்த நேரம் போகும். ஒன்றாவது நின்றிருக்கும். இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்லவன் என்ற பெயர் போய்விடும். அதனால் ஓம் என்று சொல்லி, ஒரு மணித்தியாலம் அவர்களை என் வாசலில் பிடித்து வைத்திருந்தேன். அவளை இரத்தம் கொன்றதோ, என் நல்ல பெயர் கொன்றதோ, அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பெயர் வளர்ந்தது. "நயினார் கை கிழியக் கிழியப் பாடுபட்டவர், எங்கடை ஆளெண்டும் பாராமல்" என்று இளையதம்பி ஊர் முழுக்கச் சொன்னான். அதைக் கேட்டு ஆட்கள் வாகனங்களைக் கொண்டுவந்தார்கள். பிலாமரத்தின் கீழ் ஒன்று போக ஒன்று நின்றது. சண்டிலிப்பாயிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து எல்லாம் வந்தார்கள். கைராசிக்காரன் என்றார்கள். அந்த விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆட்கள் அதைக் கேட்டுப் பார்ப்பார்கள், நான் காட்டுவேன். காட்டியிருக்கிறேன்.

இளையதம்பி அந்த வருசமே பிள்ளையைத் தமக்கையிடம் விட்டுவிட்டு வன்னிக்குப் போனான். காடு வெட்டி மிளகாய் போட்டான், நன்றாக வந்தான். பிள்ளைக்குக் குணலட்சுமி என்று பெயர், எட்டு வயது. இந்த வருசம் தையில் திரும்பி வந்தான். வரும்போது ஒரு பழைய டீசல் பிக்கப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் படலையில் நிறுத்தினான்.

"அண்ணை, உதை நீங்கள்தான் செய்து தரவேணும்," என்றான். இப்போது அவன் என்னை அண்ணை என்கிறான். மகாதேவியும் நாங்கள் குடிக்கிற மூக்குப்பேணியிலேயே தேத்தண்ணி கொடுக்கிறாள். காலம் மாறிவிட்டது என்பதற்கு இதை நான் உதாரணமாகச் சொல்வதுண்டு. "எங்கடை பக்கத்திலை ஒரு வாகனம் நிக்கவேணும் அண்ணை. இனி ஒருத்தருக்கும் மலருக்கு வந்தது வரக்கூடாது. பின்னுக்கு ஒரு நீட்டு வாங்கு அடிச்சு விடுங்கோ. ஒரு ஆள் படுக்கக்கூடியதாய்."

மூன்று மாதம் அதைச் செய்தேன். என் வாழ்நாளில் அப்படி வேலை நான் செய்ததில்லை. அதன் குழாய் நட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இறுக்கினேன். வாங்கை நானே சீவினேன், பாய் விரித்தால் உறுத்தாதபடி. இளையதம்பி பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். இது ஏன், அது எதுக்கு என்று. மற்றதெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். காற்று எடுக்கிறதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "அது வரேக்கை பாப்பம்" என்றேன்.

இன்றைக்கு வந்தது. இருபாலையடியில் டீசல் முடிந்து வாகனம் நின்றுவிட்டது. டீசல் வாங்கி ஊற்றியும் பிடிக்கவில்லை. சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். மூடியைத் திறந்தேன். திருகை இளக்கி, கைப்பம்பை அடித்தேன். நுரை வந்தது, குறைந்தது, நின்றது. சுத்த டீசல் வந்தது. இறுக்கினேன். முதல் திருப்பில் எஞ்சின் பிடித்தது. போகும்போது பற்றவைத்த சுருட்டு என் வாயில் பாதிகூட முடியவில்லை.

"இவ்வளவுதானோ அண்ணை?"

"இவ்வளவுதான்."

அவன் எஞ்சினை நிற்பாட்டினான். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அந்தச் சின்னத் திருகையே பார்த்தபடி நின்றான். வீதியில் ஒரு பஸ் போனது.

"அண்டைக்கு ஏன் அண்ணை நுரை நிக்கேல்லை?"

எட்டு வருசமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். வந்தபோது ஆறுதலாகக்கூட இருந்தது.

"எங்கையாவது ஒரு நட்டு இளகியிருந்திருக்கும்," என்றேன். இதுவும் பொய்யில்லை.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்." திருகை விரலால் தொட்டுப் பார்த்தான். "வியாழக்கிழமை ஓடிச்சுதே. ஆர் அண்ணை அதை இறுக்கினது?"

"ஞாபகமில்லை."

அவன் தலையை ஆட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலில் இருந்த தழும்பைப் பார்த்தான். மூடியைச் சத்தமில்லாமல் இறக்கிப் பூட்டினான்.

"நாளைக்குச் சந்தை முடிய மூண்டு மணிக்கு வாறன்," என்றான். "எந்த நட்டு இளகினால் நுரை நிக்காதெண்டு எனக்குக் காட்டிவிடுங்கோ. நான் தெரிஞ்சு வைச்சிருக்கவேணும்."

என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மகாதேவி தேத்தண்ணி கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டானாம். அவன் அறிந்துவிட்டானா, சும்மாதான் கேட்டானா எனக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை. நான் தீர்மானித்துவிட்டேன். அவன் வந்ததும் அந்த நட்டைக் காட்டுவேன். "இளையதம்பி, இதுதான். இதை நான்தான் இளக்கினேன். மலர் என்னை வருமோ என்று கேட்டபோது நட்டுச் சாவி என் கையில் இருந்தது. உன் பெண்சாதியைக் கொன்றவன் நான்" என்று சொல்லுவேன். அவன் அடித்தால் அடிக்கட்டும். பொலிசுக்குப் போனால் போகட்டும். உங்களுக்குச் சொல்லிப் பார்த்தேன், சொல்ல முடிகிறது. அவனுக்கும் சொல்லுவேன். இனி ஒரு நாளும் பிந்தவிடப்போவதில்லை.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்குச் சொன்னபடி வந்துவிடுவான். வந்தவனை இருத்தி, எஞ்சினை ஒருக்கால் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்து வைக்கலாம். நாலரை தாண்டட்டும், சொல்லிவிடுகிறேன்.